யார், எதனால்: ஈரி இரயில்பாதை அறிக்கைகள் குறித்த சாண்ட்லரின் வாசிப்பு

பணியிட அறிக்கையின் வரலாறு பெரும்பாலும் அமெரிக்க இரயில்பாதைகளிலிருந்தே எழுதப்படுகிறது. 1841 அக்டோபரில் மாசசூசெட்ஸின் வெஸ்டர்ன் இரயில்பாதையில் இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. அதன்பின் எந்தத் தகவலை யார் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அந்நிறுவனம் வரையறுத்தது. 1851-இல் நியூயார்க்-ஈரி பாதை சுமார் 450 மைல் நீளத்துக்குத் திறக்கப்பட்டபோது சிக்கல் வேறு அளவை எட்டியது. ஐம்பது மைல் பாதையை ஒரு மேற்பார்வையாளர் நேரில் பார்த்தே நடத்திவிடலாம், ஐந்நூறு மைலில் அது நடவாது என்று அதன் பொது மேற்பார்வையாளர் டேனியல் மெக்கல்லம் வாதிட்டார். மணிக்கொருமுறை தந்தி, நாளறிக்கை, மாத அறிக்கை என்று அவர் அமைத்த ஏற்பாடு அந்த வாதத்தின் விளைவு.

வணிக வரலாற்றாசிரியர் ஆல்ஃபிரட் சாண்ட்லர் 1977-இல் வெளியிட்ட ‘தி விசிபிள் ஹேண்ட்’ நூலில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரும் இடம் தருகிறார். அவர் பார்வையில் மெக்கல்லம் நவீன நிருவாகத்தின் முன்னோடி. ஈரியில் குவிந்த புள்ளிவிவரம் தொழிலை ஒருங்கிணைக்கவும் மதிப்பிடவும் உதவிய கருவி. நடந்ததைத் தெரிவிக்கும் தகவல் அறிக்கை, காரணத்தை ஆராயும் பகுப்பாய்வு அறிக்கையாக மாறிய இடத்தை 1850-களின் ஈரியில் வைக்க இந்த வாசிப்பு இடம் கொடுக்கிறது. பின்வந்தோர் பலர் அதை அப்படியே ஏற்றனர். சாண்ட்லரின் நூல் இத்துறைக்கு அடித்தளம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த இடத்தில் மூலம் அவர் சொல்வதைத் தாங்கவில்லை.

அந்த மூலம், மெக்கல்லம் 1856 மார்ச் 25 தேதியிட்டு அளித்த அறிக்கை. அதில் ஆறு பொதுக் கொள்கைகள் உள்ளன. பொறுப்புகளைப் பிரித்தல், அதற்கேற்ற அதிகாரம் தருதல் என்ற முதல் இரண்டும் அடிக்கடி எடுத்தாளப்படுபவை. பொறுப்பு நிறைவேறியதா என்று அறிய வழி வேண்டும் என்கிறது மூன்றாவது. கடமை தவறியதை உடனே தெரிவிக்க வேண்டும் என்கிறது நான்காவது. ஆறாவது, பிழையைக் கண்டால் மட்டும் போதாது, பிழை செய்தவரையும் அடையாளம் காட்ட வேண்டும் என்று கேட்கிறது.

கவனத்துக்கு உரியது ஐந்தாவது. நாளறிக்கைகளும் சரிபார்ப்புகளும் மேலதிகாரிகளைச் சங்கடப்படுத்தக் கூடாது, கீழுள்ளவர்களிடம் அவர்களுக்குள்ள செல்வாக்கைக் குறைக்கவும் கூடாது என்பது அதன் சாரம். தொழிலின் செலவை ஆராய எழுதப்படும் அறிக்கைக்கு இப்படியொரு காப்பு தேவைப்படாது. ஒருவரைக் கண்காணிக்கும் அறிக்கைக்குத்தான், அது யாருடைய மதிப்பைக் கெடுக்கும் என்ற கவலை எழும். மூன்றாவது முதல் ஆறாவது வரை சேர்த்துப் படித்தால், மெக்கல்லம் அறிக்கையிடம் கேட்ட கேள்வி ‘யார்?’ என்பதே. 1854-இலும் 1856-இலும் ஈரியின் என்ஜின் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பொறுப்பைத் தங்கள் தலையில் சுமத்திய விதிகளை அவர்கள் எதிர்த்தார்கள் என்பது இந்த வாசிப்போடு பொருந்துகிறது.

சாண்ட்லர் பக்கம் ஒரு வலுவான சான்று உண்டு. அதைத் தவிர்த்துச் செல்வது நேர்மையாகாது. கோட்டங்களின் மாதச் செலவை ஒப்பிட்டால் எந்தக் கோட்டத்தில் எந்த இனத்தில் செலவு மிகுகிறது என்பது தெரியும் என்று அதே அறிக்கை சொல்கிறது. இது பகுப்பாய்வின் வித்துதான். ஆனால் ஒவ்வொரு அதிகாரியும் தம் பதவிக்கு எவ்வளவு தகுதியானவர் என்பதையும் இந்த ஒப்பீடு காட்டிவிடும், நல்ல போட்டி மனப்பான்மையையும் தூண்டும் என்று அதே பகுதி வாதிடுகிறது. சரிவு, வளைவு, சரக்கின் தன்மை ஆகியவற்றால் ஒரு கோட்டத்தின் செலவு இயல்பாகவே கூடியிருக்கலாம் என்ற எண்ணத்துக்கு ஆறு கொள்கைகளில் ஒன்றிலும் இடமில்லை.

அந்த எண்ணம் மையமாக வருவது ஆல்பர்ட் ஃபிங்கிடம். லூயிவில்-நாஷ்வில் இரயில்பாதையைச் சேர்ந்த இந்த ஜெர்மானியப் பொறியாளர் 1874-இல் வெளியிட்ட செலவு அறிக்கை, சரக்கின் அளவோடு மாறாத செலவு, நிலையங்களில் ஆகும் செலவு, வண்டி ஓடும் தொலைவோடு கூடும் செலவு, வட்டி என்று கணக்குகளைப் பிரிக்கிறது. ஒரே நிறுவனத்தின் பாதைகளுக்குள்ளேயே டன்-மைல் செலவு பெரிதும் வேறுபடுவதைக் காட்டி, வெறும் சராசரியைக் கொண்டு ஒப்பிடுவது தவறு என்று நிறுவுகிறது. கேள்வி இங்கே ‘எதனால்?’ என்று ஆகிவிட்டது. சாண்ட்லர் ஃபிங்கையும் பாராட்டுகிறார். ஆயினும் அவரை மெக்கல்லத்தின் நேர்த் தொடர்ச்சியாகக் கொள்வதால் இடையிலுள்ள உடைப்பு மறைந்துபோகிறது.

உடைப்பு எப்போது நேர்ந்தது என்பதை ஓர் ஆண்டில் நிறுத்துவது கடினம். 1857-இல் பென்சில்வேனியா இரயில்பாதை, ஜே. எட்கர் தாம்சன் தலைமையில், கணக்குப் பணியைத் தனித் துறையாகப் பிரித்தது. எண்கள் தண்டிக்கும் அதிகாரமில்லாதவர்களின் மேசைக்கு வந்தபின்தான் அவற்றிடம் வேறு கேள்வி கேட்பது எளிதாயிற்று என்று கருத இடமுண்டு. இது ஊகமே, ஆயினும் மெக்கல்லம் அதே ஆண்டில் ஈரியை விட்டு விலகியதையும், முன்பு அவரைப் போற்றிய இதழாசிரியர் ஹென்றி வார்னம் புவர் பின்னர் அவரது முறையின் கட்டுப்பாடு ஊழியரின் ஊக்கத்தைக் கொல்லுமென அஞ்சியதையும் சேர்த்துப் பார்க்கையில் ஊகம் வலுப்பெறுகிறது. எனவே மாற்றத்தை 1857-க்கும் 1874-க்கும் இடைப்பட்டதாக மட்டுமே இப்போதைக்குக் கொள்ளலாம்.