சாம்பல் நோயின் வரலாறு

கோடைக்கானலில் அமெரிக்க மதுரை மிஷனார் முதலிரு வீடுகளைக் கட்டியது 1845-ஆம் ஆண்டில். அதே ஆண்டில் இங்கிலாந்தின் மார்கேட் நகரில், டக்கர் என்ற தோட்டக்காரர் திராட்சைக் கொடிகளின்மீது சாம்பல் தூவினாற்போன்ற வெண்பூச்சைக் கண்டார். அந்நோயும் அமெரிக்காவிலிருந்து வந்ததே என்பது விந்தையான ஒற்றுமை!

பீச் மரத்தில் காணும் நோயை அது ஒத்திருக்கக் கண்ட டக்கர், கந்தகத்தையும் சுண்ணாம்பையும் நீரில் கலந்து தெளித்தார், நோய் அடங்கியது. பெர்க்லி என்னும் பாதிரியார் 1847-இல் அப்பூஞ்சைக்கு டக்கரின் பெயரையே சூட்டினார். ஆயினும் நோய் கடல் கடந்தது. பிரான்சில் 1850-ஐ நோக்க, 1854-இல் திராட்சை மது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. கந்தகத்தூளைத் தூவும் வழக்கம் பரவிய பின்னரே கொடிகள் தழைத்தன.

பழனி மலை வீட்டுத் தோட்டங்களில் பட்டாணியையும் ரோஜாவையும் இந்நோய் பற்றுகிறது. பூஞ்சை என்றாலே மழையைப் பழிக்கிறோம். சாம்பல் நோயோ விலக்கு. இலைமேல் நீர் தேங்கினால் இதன் வித்துகள் செவ்வனே முளையா. பகல் வறண்டு இரவில் ஈரக்குளிர் நிலவும் நாட்களே இதற்கு உகந்தவை.

நேயர்களே, மற்றொன்றும் சொல்வேன். பட்டாணியைப் பற்றும் பூஞ்சை வேறு, ரோஜாவைப் பற்றுவது வேறு. பட்டாணி வெளுத்ததென்று அருகிலுள்ள ரோஜாவை வெட்டியெறிவது வீண் கொடுமை. கந்தகம் வெப்பத்தால் ஆவியாகிச் செயற்படுவது; மலைக்குளிரில் மெல்லத்தான் வேலை செய்யும், சமவெளியின் கடுவெயிலிலோ இலையையே கருக்கிவிடும். 1999-இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர் பெத்தியோல், பத்தில் ஒரு பங்கு பால் கலந்த நீரை வாரந்தோறும் தெளித்து, சீமைச் சுரைச் செடிகளில் இந்நோயை அடக்கிக் காட்டினார்.