தாத்தா எதனால் இறந்தார்?

நெஞ்சுவலி என்று மருத்துவரிடம் போனால் அவர் கேட்கும் முதற்கேள்விகளுள் ஒன்று, "குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்ததுண்டா?" என்பதாகும். மலாக்காத் தோட்டப்புறத்தில் பிறந்த நம்மவர் பலர் இதற்கு விடையின்றி விழிக்கின்றனர். அந்த மௌனத்திற்கும் ஒரு வரலாறு உண்டு.

மலாக்காவும் சிங்கப்பூரும் 1826 முதல் ஒரே நீரிணைக் குடியேற்ற ஆட்சியின் கீழ் இருந்தவை. அந்தச் சிங்கப்பூரில்தான் இந்நோய் இந்தியரை மிகுதியாகத் தாக்குவது முதலில் எண்களோடு வெளிப்பட்டது. மருத்துவர் தனராஜும் அவர்தம் குழுவினரும் 1950 முதல் 1954 வரையிலான பிணக்கூறாய்வுப் பதிவுகளை இனவாரியாகப் பிரித்து ஆராய்ந்து 1959இல் வெளியிட்டனர். நெஞ்சுக்குழாய் அடைப்பு சீனரைவிட இந்தியரிடம் பல மடங்கு மிகுந்திருந்தது. இதே தனராஜ்தான் பின்னர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவரானார். இன்று தெற்காசியரின் இதயநோய் பற்றி எழுதும் அறிஞர்கள் பலரும் இவ்வாய்விலிருந்தே தொடங்குகின்றனர். நம் பாடநூல்களில் அதற்கு ஒரு வரியேனும் இருந்தால் நன்று.

அப்படியானால் இது குருதிவழி வந்த கேடா? அவசரப்பட வேண்டா. 1896இல் தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் இரப்பரைப் பயிரிட்டபின் மலாக்காவெங்கும் பால்மரக் காடுகள் எழுந்தன. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வெட்டுக்காட்டில் மேடுபள்ளம் ஏறியிறங்கிய நம் பாட்டன்மார் பலரை மலேரியாவும் வயிற்றுப்போக்கும் கொக்கிப்புழுவும் முந்திக்கொண்டன. மாரடைப்பு வரும் வயதைப் பலர் எட்டவேயில்லை. மரபணுவில் தீங்கு இருந்திருப்பினும் அது வெளிப்பட வழியில்லை. உதவியோடு கூலிகளை அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடைசெய்தது. பிறகு போர் வந்தது. ஊரிலிருந்த பெரியப்பா, சித்தப்பாமார் எப்படி மாண்டனர் என்ற செய்தியும் பல குடும்பங்களுக்கு அற்றுப்போயிற்று.

மரபணு பற்றி அறிவியல் என்ன கூறுகிறது? 2007இல் ஒன்பதாம் குரோமோசோமில் மாரடைப்போடு தொடர்புடைய ஒரு பகுதி கண்டறியப்பட்டது. ஆனால் அவ்வேறுபாடு ஐரோப்பியர், சீனர் முதலிய பலரிடமும் பரவலாக உள்ளது; நம் மிகையை அது மட்டும் விளக்காது. 2009இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தண்டபாணி முதலானோர், தெற்காசியரில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வர் தாங்கும் ஒரு மரபணுக் குறையை அறிவித்தனர். மலேசியாவிலும் அது காணப்பட்டது. எனினும் அது இதயத் தசையைத் தளர்த்துவது, குழாயை அடைப்பதன்று. இரண்டையும் குழப்பி எழுதுவோர் உளர். 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளிவந்த இண்டர்ஹார்ட் ஆய்வோ, புகை, கொழுப்பு, நீரிழிவு, இரத்த அழுத்தம், தொப்பை போன்ற ஒன்பது காரணங்களே பெரும்பங்கு என்றது.

ஆயினும் ஒரு வகையில் குடும்பமே முதற்சான்று. பரம்பரை மிகைக்கொலஸ்டிரால் என்னும் நோய் உலகில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு உண்டு. அதன் அடிப்படையைக் கண்ட பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். தாய் தந்தையருள் ஒருவரிடம் அக்குறை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர அரைக்கு அரை வாய்ப்பு. மெலிந்தவரையும் அது விடாது. தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ 55 வயதுக்கு முன், தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ 65 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் மருத்துவர் காதைத் தீட்டிக்கொள்வார்.

இதை எண்ணித்தான் ஆறாம் ஆண்டு மாணவருக்குக் குடும்ப மரம் வரையும் பயிற்சியில் 'இறந்த வயது, காரணம்' என்று இரு கட்டங்களைச் சேர்த்தேன். பெரும்பாலும் வெறுமை, சிலவற்றில் 'காய்ச்சல்', 'காற்றுக்கருப்பு'. ஒரு மாணவியின் பாட்டி மட்டும் தெளிவாகச் சொல்லியனுப்பியிருந்தார்: "நாப்பத்திரண்டு வயசு. நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு மரத்தடியிலேயே உக்காந்துட்டாரு. அவரு தம்பியும் அப்படித்தான்." தோட்டத்து டிரஸ்ஸர் வாயுத்தொல்லை என்றாராம். அந்தத் தாளைப் பார்த்த மாணவியின் தந்தை, நாற்பத்தொரு வயதினர், மறுவாரமே அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குக் குருதிச் சோதனைக்குச் சென்றார். தாளையும் உடன் கொண்டுபோனார்.