பரண் ஏறிய கோப்புகள்

1982இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி உருவாக்கிய ஆர்சிஎஸ் என்ற பதிப்பு மேலாண்மை மென்பொருள், ஒவ்வொரு கோப்புக்கும் தனியாக ஒரு வரலாற்றுக் கோப்பை வைத்துக்கொள்ளும். பல கோப்புகள் சேர்ந்தது ஒரு திட்டம் என்ற எண்ணம் அதற்குக் கிடையாது. அதனால் திட்டத்திலிருந்து ஒரு கோப்பு கழிந்துபோவது அதன் கவலையும் இல்லை.

அந்தக் கவலை சிவிஎஸ்ஸுக்கு வந்தது. ஆம்ஸ்டர்டாமில் டிக் க்ரூனே தன் இரு மாணவர்களோடு ஒரு சி கம்பைலரில் வேலை செய்துகொண்டிருந்தார்; மூவருக்கும் நேரம் ஒத்துவரவில்லை. ஆர்சிஎஸ்ஸின் மேல் ஷெல் நிரல்களை அடுக்கி அவர் எழுதி 1986இல் வெளியிட்டதுதான் சிவிஎஸ். 1989இல் பிரையன் பெர்லினர் அதை சி மொழியில் திருப்பி எழுதினார்.

ஒரு கோப்பு வேண்டாம் என்றால் அதன் வரலாற்றை என்ன செய்வது? தூக்கி எறிந்தால் பழைய வெளியீட்டை மறுபடி எடுக்க முடியாது. இருந்த இடத்திலேயே விட்டால், புதிதாக எடுப்பவரிடமும் அது வந்து நிற்கும். சிவிஎஸ் அதே அடைவுக்குள் 'ஆட்டிக்' என்றொரு பரண் கட்டி, வரலாற்றுக் கோப்பை அங்கே ஏற்றியது. பழைய பதிப்பைக் கேட்டால் பரணிலும் தேடும்.

கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் அரைகுறை. எப்போது பரண் ஏறியது என்று வரலாற்றில் எழுதவில்லையே! ஒரு தேதியைச் சொல்லிக் கேட்டால், அன்று அந்தக் கோப்பு இருந்ததா என்று எப்படிச் சொல்வது? பிறகுதான் அழிப்பதையே ஒரு பதிப்பாக்கினார்கள். உதாரணமாக, ஒரு கோப்பின் 1.4ஆம் பதிப்பில் 'டெட்' என்று குறித்தால், 1.3 வரை கோப்பு உயிரோடு இருந்தது என்று பொருள். அதே பெயரில் மீண்டும் சேர்த்தால் பரணிலிருந்து இறங்கி 1.5 ஆகும். இதில் ஒரு வேடிக்கை: மூல வரிசையிலிருந்து பிரிந்த கிளையில் மட்டும் முதலில் சேர்த்த கோப்புக்கு, மூலத்தில் 1.1ஆம் பதிப்பே 'டெட்'. பிறக்கும்போதே பரணில்.

சிவிஎஸ்ஸுக்கு மாற்றாக வந்து 2004இல் 1.0 பதிப்பு கண்ட சப்வெர்ஷன் அடைவுகளுக்கும் வரலாறு வைத்தது. பரணுக்கு வேலை போயிற்று. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட் அழிப்பைக் குறிப்பதே இல்லை. ஒவ்வொரு கமிட்டும், அதாவது ஒவ்வொரு பதிவும், அப்போதிருந்த கோப்புகளின் முழுப் பட்டியல். அதில் இல்லாதது அன்று இல்லை, அவ்வளவுதான்.

ஆனாலும் கிட்டின் செக்அவுட் கட்டளையில் ஒரு பழைய கமிட்டையும் அடைவின் பெயரையும் கொடுத்தால், பழையவை திரும்பி வரும். அதற்குப்பின் சேர்ந்தவை அசையாமல் அங்கேயே இருக்கும். பலர் குழம்பிய இடம் இது. 2019 ஆகஸ்டில் 2.23ஆம் பதிப்போடு வந்த 'ரெஸ்டோர்' கட்டளை அவற்றையும் நீக்கிவிடுகிறது. கிட்டில் சேர்க்காமல் கிடக்கும் கோப்புகளை மட்டும் அதுவும் நீக்குவதில்லை.