இரட்டை வயலின்

இரட்டை வயலின் என்பது வயலின் வித்துவான் எல். சங்கர் 1980இல் வடிவமைத்த மின் வயலின். கித்தார் செய்வதில் பேர்பெற்ற அமெரிக்கர் கென் பார்க்கர் அதைச் செய்து கொடுத்தார். கழுத்து இரண்டு, கழுத்துக்கு ஐந்தாகத் தந்தி பத்து. வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ் ஆகிய நான்கின் சுருதி எல்லையும் ஒருவர் கைக்குள் அடங்கும்.

இவற்றுள் டபுள் பேஸ் தமிழ்க் காதுக்கு அதிகம் பழகாதது. ஆள் உயரத்துக்கு நிற்கும் அதன் அடித்தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை அதிரும். மேற்கத்திய முறையில் சுருதி கூட்டிய வயலினின் அடித்தந்தியோ 196 முறை. நம் கணக்கில் டபுள் பேஸின் அடிச்சுருதி மந்திர ஸ்தாயிக்கும் கீழே, அனுமந்திரம். தமிழ்நாட்டில் அந்த ஆழம் பெரும்பாலும் தோல் கருவிகளுக்கே உரியது. வில் போட்டு அதை எழுப்பும் வழக்கம் இங்கே இருந்ததில்லை. ஐரோப்பாவிலும் டபுள் பேஸ் பின்வரிசையில் நின்று அடித்தளம் போடும் வாத்தியமாகத்தான் இருந்தது. இத்தாலியர்களான டிராகனெட்டி (1763–1846), பொத்தேசினி (1821–1889) போன்ற சிலரே அதைத் தனியாக மேடையேற்றினார்கள். 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கரான கேரி கார் தனிக் கச்சேரியையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டார்.

கர்நாடக சங்கீதத்தில் வயலினுக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். பாலுசாமி தீட்சிதர் காலத்தில் நம்மிடம் வந்த வயலின், பாட்டுக்குப் பக்கவாத்தியமாகவே ஊன்றியது. மைசூர்ச் சீமையில் பிறந்த டி. சௌடய்யா, ஒலிபெருக்கி இல்லாத அரங்கில் கடைசி வரிசைக்கும் நாதம் எட்டவேண்டும் என்று ஏழு தந்தி வயலின் வாசித்தார். 1957இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். தந்தியைக் கூட்டும் துணிச்சலில் அவரைச் சங்கருக்கு முன்னோடி என்றே சொல்லவேண்டும்.

சங்கர் 1950இல் சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். அங்கே சங்கீதம் கற்பித்துவந்த தந்தை வி. லட்சுமிநாராயணாவுக்கு, வயலின் பாட்டுக்குப் பின்னால் போவதோடு நின்றுவிடக்கூடாது, தனியாக நிமிர்ந்து நிற்கவேண்டும் என்பது வாழ்நாள் வேட்கை. மகன்கள் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், சங்கர் மூவரையும் அந்த வைராக்கியத்தோடு வளர்த்தார். 1958இல் இலங்கையில் மூண்ட இனக்கலவரத்தால் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. பின்னர் அமெரிக்கா சென்ற சங்கர், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் பாட்டுக்கு வயலின் பக்கம் வாசிக்கும் கலை! பக்கவாத்தியத்தின் நுணுக்கத்தை ஆராய்ந்தவர்தான் வயலினை முழுத் தனிவாத்தியமாக்கும் வேலையில் இறங்கினார். 1975இல் ஜான் மெக்லாக்லின், ஜாகிர் உசேன், டி.எச். விநாயக்ராம் ஆகியோரோடு ‘சக்தி’ குழுவில் வாசித்து உலக மேடைகளைக் கண்டார்.

இனி இரட்டை வயலினின் அமைப்பு. தாழ்ந்த நாதத்துக்குப் பெரிய மரக்கூடு தேவை. டபுள் பேஸ் அவ்வளவு பருமனாக இருப்பது அதனால்தான். மின் கருவியில் தந்தியின் அதிர்வை ஒலிபெருக்கியே பெரிதாக்கிவிடுவதால் கூடு சிறுத்தாலும் குறையில்லை. தடித்த தந்திகளைத் தோளளவுக் கருவியில் பூட்ட முடிந்ததன் சூட்சுமம் இது. இரண்டு கழுத்தையும் தனித்தனியாகவும் வாசிக்கலாம், சேர்த்தும் வாசிக்கலாம்.

1980இல் பதிவாகி மறு ஆண்டு இ.சி.எம். நிறுவனம் வெளியிட்ட ‘ஹூஸ் டு நோ’ தட்டில், உமையாள்புரம் சிவராமன் மிருதங்கமும் ஜாகிர் உசேன் தபலாவும் வாசிக்க, ராகம் தானம் பல்லவியை இக்கருவியில் கேட்கலாம். புதுமைக் கருவி என்பதற்காகக் கச்சேரி முறையைச் சங்கர் தளர்த்தவில்லை. கமகம் அனுமந்திரத்திலும் உருக்குலையாமல் அசைகிறது. இந்தக் கருவியின் பெருமையாக நான் கருதுவது அதைத்தான். பிறகு நார்வே சாக்சபோன் கலைஞர் ஜான் கார்பாரெக்கோடு சேர்ந்து வாசித்த இசைத்தட்டுகள் வந்தன. சங்கரின் ‘ராக ஆபேரி’ தட்டு கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அண்ணன் சுப்பிரமணியத்தின் மகள் ஜிஞ்சர் சங்கரும் இரட்டை வயலினைக் கையிலெடுத்தார்.