மெச்சியவர் பலர், ஆடியவர் சிலர்

1975-இல் அமெரிக்காவின் டிஎஸ்ஆர் நிறுவனம் ஒரு பெட்டியை 25 டாலருக்கு விற்றது. அதே நிறுவனம் முந்தின ஆண்டு கொண்டுவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பத்து டாலர்தான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடுகிற ஆட்டத்துக்கு இவ்வளவு விலையா என்று கேட்டவர்கள் பெட்டியைத் திறந்தால் உள்ளே பெரிய வண்ண வரைபடங்கள். கூடவே தனி மொழி, தனி எழுத்து, இருபது தெய்வங்கள். ஆட்டத்தின் பெயர் 'எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்'. அது நடக்கும் கிரகம் டெக்குமெல்.

உருவாக்கியவர் எம்.ஏ.ஆர். பார்க்கர், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசிய மொழிகளின் பேராசிரியர். க்ளாமத் என்ற அமெரிக்கப் பழங்குடி மொழிக்கு அகராதியும் உருதுவுக்குப் பாடநூலும் எழுதியவர். டெக்குமெல் அவருடைய சிறுவயதுக் கற்பனை.

ஆட்டம் தொடங்கும் விதமே வேறு. நீங்கள் வீரர் இல்லை. ஜகாலா துறைமுகத்தில் படகிலிருந்து இறங்கும் நாகரிகம் அறியாத அந்நியர். வெளிநாட்டார் குடியிருப்பைத் தாண்டி, மரியாதை தெரியாமல் ஒரு பிரபுவின் முன் நின்றால் கழுவேற்றம்தான். இரும்பு அரிது, ச்லேன் என்ற பெரிய விலங்கின் தோலைப் பதப்படுத்தித்தான் கவசமும் வாளும் செய்கிறார்கள். குதிரை கிடையாது. ஐரோப்பியக் கோட்டை கொத்தளங்களும் கிடையாது.

விமர்சகர்கள் வியந்தார்கள். டஞ்சன்ஸைப் படைத்தவர்களில் ஒருவரான கேரி கைகேக்ஸ் முன்னுரை எழுதிப் பாராட்டினார். இன்னொருவரான டேவ் ஆர்னசன் பார்க்கரின் மேசையிலேயே உட்கார்ந்து ஆடினார். இருபது முகப் பகடையில் இருபது விழுந்தால் அடி இரட்டிப்பு என்ற விதியை முதலில் அச்சில் கொண்டுவந்த ஆட்டங்களில் ஒன்றாகவும் இதைச் சொல்வதுண்டு. அந்த விதி உலகமெங்கும் பரவியது, டெக்குமெல் பரவவில்லை. குலம், அந்தஸ்து, கோயில் என்று இவ்வளவையும் படித்துவிட்டு ஆட வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை மாலை நாலு பையன்கள் கூடுவார்களா? 1983-இல் கேம்சயன்ஸ், 2005-இல் கார்டியன்ஸ் ஆஃப் ஆர்டர் என்று பதிப்பாளர்கள் மாறினார்கள். 'கடினம்' என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

அந்தப் பெயரே பிறகு பெருமையாகவும் ஆனது. கற்பனை நாவலாசிரியர் டோல்கினைப் பார்த்து எழுதாத உலகம், மேற்கு அல்லாத பண்பாடுகளை மதித்த உலகம் என்ற புகழ் சேர்ந்தது. பார்க்கர் 2012-இல் காலமானபோது பெரும்பாலோர் நினைவுகூர்ந்தது இந்தப் பார்க்கரைத்தான்.

ஆனால் 2022-இல், அவருடைய படைப்புகளைப் பராமரிக்கும் டெக்குமெல் அறக்கட்டளை ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. 1991-இல் ராண்டால்ஃப் டி. கால்வர்ஹால் என்ற புனைபெயரில் வந்த 'செர்பண்ட்ஸ் வாக்' பார்க்கர் எழுதியது. ஹிட்லரின் எஸ்எஸ் படையின் வாரிசுகள் பின்னாளில் தலையெடுப்பதைக் கொண்டாடும் நாவல் அது. வெளியிட்டது அமெரிக்க நாஜி ஆதரவுப் பதிப்பகம். யூதப் படுகொலையை மறுக்கும் ஓர் இதழின் ஆலோசனைக் குழுவிலும் அவர் இருந்திருக்கிறார்.

ஐரோப்பாவை விட்டு விலகியதாலேயே ஒரு படைப்பு பரந்த மனம் கொண்டது என்று விமர்சகர்கள் முடிவுகட்டியது அவசரம் என்பேன். அடிமைச் சந்தையும் கழுமரமும் அன்றே விதிப்புத்தகத்தில் இருந்தன. 'வேற்றுப் பண்பாட்டின் யதார்த்தம்' என்று அவற்றுக்கு மதிப்பெண் போட்டார்கள். இப்போது அதே பக்கங்களை, எழுதியவர் எந்தப் பக்கம் நின்று எழுதினார் என்று கேட்டபடி படிக்கிறார்கள். சிலர் பெட்டியை விற்றுவிட்டார்கள். சிலர் இன்னும் ஆடுகிறார்கள், ஆசிரியர் பெயரைச் சொல்லாமல்.