எலும்பறுவையில் எல்லை: அஸ்ஸஹ்ராவீ முதல் லேசர் வரை

எலும்பை அறுப்பது பெரிதன்று. உரிய ஆழத்தில் நிறுத்துவதே அரிது. எலும்பை ஒட்டியே மூளைச்சவ்வும் நரம்பும் இரத்தக் குழாயும் இருக்கின்றன. எனவே, எலும்பறுவைக் கருவிகளின் வரலாற்றில் கூர்மைக்கு நிகராக எல்லை பற்றிய கவலையும் இடம்பெற்று வந்துள்ளது.

குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (ஏறத்தாழ கி.பி. 936–1013) அவர்கள், 30 பாகங்கள் கொண்ட 'கிதாபுத் தஸ்ரீஃப்' என்னும் மருத்துவக் களஞ்சியத்தை 1000ஆம் ஆண்டளவில் நிறைவு செய்தார்கள். அதன் இறுதிப் பாகம் அறுவை மருத்துவத்துக்கு உரியது. ஏறத்தாழ 200 கருவிகளின் படங்களும் அதில் உள்ளன.

மண்டையோட்டு முறிவைப் பற்றி எழுதுகையில், உடைந்த பகுதியைச் சுற்றித் துளைகளிட்டு, இடைப்பட்ட எலும்பை வெட்டியெடுக்கும் முறையை அவர்கள் விளக்குகிறார்கள். துளைகருவியின் முனைக்குச் சற்று மேலே ஒரு வட்ட விளிம்பு அமைந்திருக்கும். அது எலும்பின்மீது தடுத்து நிற்பதால், முனை சவ்வில் இறங்காது. மண்டையோட்டின் கனம் ஒரே சீராக இராமையால், பல அளவுகளில் இக்கருவி வேண்டும் என்கிறார்கள். 'மூழ்காதது' என்ற பொருளில் அவர்கள் இதற்கு இட்ட பெயரும், முத்துக் குளிப்பவரைக் குறிக்கும் 'கவ்வாஸ்' என்ற அரபுச் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை.

இக்கருவி அஸ்ஸஹ்ராவீயின் புத்தம்புதிய கண்டுபிடிப்பு என்று கூறுவது பொருந்தாது. 7ஆம் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் ஈஜினாவின் பவுல் என்பாரும் இத்தகைய கருவியைக் குறிப்பிட்டுள்ளார். முன்னோரிடம் பெற்றதைத் தம் அனுபவத்தோடு இணைத்து, படத்துடன் மாணவர் கையில் கொடுத்ததே அவர்களின் சிறப்பு. 12ஆம் நூற்றாண்டில் கிரிமோனாவின் ஜெரார்டு தொலைதோவில் இப்பகுதியை லத்தீனில் பெயர்த்தார். பல நூற்றாண்டுகள் ஐரோப்பியர் அதைப் பயின்றனர்.

இயந்திர ரம்பங்கள் வந்தபின் வேறோர் எல்லையும் தெரியவந்தது. உராய்வினால் எலும்பு சூடேறி 47 பாகை செல்சியஸில் ஒரு நிமிடம் நீடித்தாலே அதன் உயிரணுக்கள் சேதமுறக்கூடும் என்பதை 1983இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. 1960இல் தியடோர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். தொடக்கத்தில் எலும்பில் பயன்பட்ட கரியமில வாயு லேசர் எலும்பைக் கருக்கியது. பின்னர் வந்த எர்பியம் லேசரின் 2.94 மைக்ரோமீட்டர் ஒளியை நீர் மிக விரைவாக உறிஞ்சும். எலும்பிலுள்ள நீர் நொடிப்பொழுதில் ஆவியாகி வெடிக்க, எலும்பு நுண்துகளாகப் பெயர்கிறது. தெளிக்கப்படும் நீர் சூட்டைத் தணிக்கிறது.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உருவான 'கார்லோ' என்னும் லேசர் ரோபோ 2019இல் முதன்முறையாக மனிதரின் முக எலும்பை வெட்டியது. சிறு கீறல் வழியே உடலுக்குள் செல்லும் அளவுக்கு லேசர் கருவியைச் சுருக்க, பாசல் பல்கலைக்கழகத்தின் 'மிராக்கிள்' திட்டம் முயன்று வருகிறது. ஒளி எலும்பைத் தொடாமலே வெட்டுவதால், கைக்குத் தடை தட்டுப்படுவதில்லை. ஆகவே ஆழத்தையும் திசுவின் தன்மையையும் உடனுக்குடன் அளந்து, லேசரை நிறுத்தும் உணரிகள் தேவையாகின்றன. அன்று விளிம்பு செய்த காவலை இன்று உணரி செய்ய வேண்டியுள்ளது.

உடற்கூற்றை முறையாகக் கல்லாமையால் தம் நாட்டில் அறுவை மருத்துவம் அருகிவிட்டது என்று அஸ்ஸஹ்ராவீ தம் முன்னுரையில் வருந்துகிறார்கள். அவர்களின் பெயரை மேடைகளில் பெருமையோடு எடுத்துரைக்கும் நாம், அவ்வருத்தத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். கிரேக்கரிடம் கற்க அவர்கள் தயங்கவில்லை. பாசலின் ஆய்வுக்கூடத்தில் கற்க நம் பிள்ளைகளும் தயங்க வேண்டியதில்லை.