வேகமா, நுணுக்கமா?

கனடாவில் வாழும் என் மருமகன் அண்மையில் தொலைபேசியில் கேட்டான்: "மாமா, என்னட்டை இருக்கிறது 24 மெகாபிக்சல் கமரா. 45க்கு மாறினால் படம் இன்னும் நல்லா வருமோ?" எதைப் படம் எடுக்கிறாய் என்று திருப்பிக் கேட்டேன். மகள் மாலையில் விளையாடும் கால்பந்தாட்டத்தை என்றான். அவனுக்குச் சொன்ன கதையையே இங்கும் எழுதுகிறேன்.

பிலிம் காலத்தில் இந்தக் கேள்விக்கு இவ்வளவு கனம் இருக்கவில்லை. 1959இல் வெளிவந்த நிக்கோன் எஃப் கமராவாயினும் அதற்குப் பின் வந்தவையாயினும், உள்ளே இடும் பிலிம் ஒன்றாயின் படத்தின் மணியுருவும் ஒன்றே. கோயில் சிற்பத்துக்கு ஒரு பிலிம், விளையாட்டுக்கு வேறொரு பிலிம் என்று படச்சுருளை மாற்றினால் போதும். கமரா அப்படியே இருக்கும். 1991இல் கொடாக் நிறுவனம் நிக்கோன் எஃப்3 உடலில் 1.3 மெகாபிக்சல் உணரியைப் பொருத்தி, சேமிப்புப் பெட்டியைத் தோளில் தொங்கவிட்டு விற்றபோது அந்தச் சுதந்திரம் போயிற்று. கமராவை வாங்கும்போதே அதன் ஆயுட்காலத்துக்கான பிலிமையும் சேர்த்து வாங்குகிறோம் என்றாயிற்று.

இதனை மிகத் துலக்கமாகக் காட்டியவை கனன் நிறுவனத்தின் இரு கமராக்கள். 2001இல் வந்த இஓஎஸ்-1டி 4.15 மெகாபிக்சல் கொண்டது. விநாடிக்கு 8 படங்கள் எடுக்கும். மறு ஆண்டு வந்த 1டிஎஸ் 11.1 மெகாபிக்சல் கொண்டது. விநாடிக்கு 3 படங்கள். தோற்றத்தில் இரட்டையர். இரண்டாவதை முதலாவதன் திருத்திய வடிவம் என்று கருத இடமுண்டு. ஆனால் பெருக்கிப் பாருங்கள்: 4.15ஐ எட்டால் பெருக்கினால் 33. 11.1ஐ மூன்றால் பெருக்கினாலும் 33. விநாடிக்கு 33 மில்லியன் புள்ளிகள் என்ற வாய்க்கால் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். எந்த வயலுக்கு நீர் திருப்பப்பட்டது என்பதே வேறுபாடு. 2004இல் வந்த அடுத்த தலைமுறையிலும் இதே கணக்குத்தான்: 8.2 மெகாபிக்சலுக்கு 8.5 படங்கள், 16.7க்கு 4 படங்கள்.

நம்மவருக்குப் பழக்கமான கிரிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து 22 யார் ஆடுகளத்தைக் கடக்க அரை விநாடி போதும். விநாடிக்கு 8 படமெனில், இரு படங்களுக்கிடையில் பந்து ஏறத்தாழ 5 மீற்றர் நகர்ந்திருக்கும். 3 படமெனில் 13 மீற்றர். பெயில்கள் பறப்பது அந்த இடைவெளிக்குள் மறைந்துவிடும். தவிரவும், பத்திரிகைத் தாளில் அங்குலத்துக்கு 170 புள்ளிகளே தாராளம். 4 மெகாபிக்சல் படமே 14 அங்குல அகலத்துக்குப் போதுமானது. முதற்பக்கத்தின் அகலத்தை நிரப்பலாம். பெரிய எண்ணிக்கையால் செய்தித்தாளுக்கு வந்த இலாபம் எதுவுமில்லை.

நான் பணியாற்றிய அலுவலகமொன்றில் ஒரேயொரு கமரா வாங்கப் பணம் ஒதுக்கினார்கள். விளையாட்டுப் படப்பிடிப்பாளர் வேகத்தைக் கேட்டார். நிருவாகமோ விளம்பரத்தில் எந்த எண் பெரியது என்று பார்த்து மெகாபிக்சலை வாங்கியது. அடுத்த ஆட்டத்தில் அவரிடம் இரு படங்கள் இருந்தன. ஒன்றில் துடுப்பு உயர்ந்திருந்தது. மற்றதில் பெயில்கள் தரையில் கிடந்தன. மறுநாள் வேறெவரோ எடுத்த படம் எங்கள் பக்கத்தில் வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதே கமரா தேர்த்திருவிழாச் சிறப்பிதழுக்கு அருமையாக உழைத்தது என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும்.

நிக்கோனும் இதே வழியிற் பிரிந்தது. 2007இல் டி3, 12.1 மெகாபிக்சலும் 9 படங்களும். 2008இல் டி3எக்ஸ், 24.5 மெகாபிக்சலும் 5 படங்களும். டி3ஐப் பலர் விரும்பியதற்கு மங்கிய ஒளியில் அது காட்டிய திறனும் காரணம். 2011 ஒக்டோபரில் கனன் 1டிஎக்ஸை அறிவித்து, பத்தாண்டுகள் பிரிந்திருந்த இரு கிளைகளையும் ஒன்றாக்கியது. 2021இல் வந்த நிக்கோன் இசட்9 கமராவில் 45.7 மெகாபிக்சலும் விநாடிக்கு 20 படங்களும் ஒருங்கே உண்டு. பெருக்கினால் 900 மில்லியனைத் தாண்டும்! வாய்க்கால் ஆறாகிவிட்டது. ஆனால் அந்த ஆற்றின் விலை வெளிவந்தபோது 5,500 அமெரிக்க டொலர்.

மருமகனுக்கு அவ்வளவு பணம் செலவழிக்க விருப்பமில்லை. மாலைநேர மைதான விளக்கொளியில் ஓடும் பிள்ளையை எடுப்பவனுக்கு 24 மெகாபிக்சல் தாராளம் என்றேன். ஓடும் உருவைக் குவியம் தவறாமல் பின்தொடரும் உடலொன்றைத் தேடச் சொன்னேன். அதற்கு முன், கையிலுள்ள வில்லையின் துவாரம் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்று பார்க்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "5.6 மாமா." இருட்டியபின் அது போதாது. இப்போது வில்லைக் கடைகளில் விலை கேட்டுக்கொண்டிருக்கிறான்.